பட்டறைப் பதில்கள்: பிக்கப் போச்சு, டர்போ போச்சா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்பவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லாமே பழைய வண்டிகள். எல்லோருக்கும் யாரோ ஒருவர் ஏற்கெனவே ஒரு பெரிய சாமானின் பெயரைச் சொல்லி பயம் காட்டியிருக்கிறார்.

கேள்வி: அண்ணே, என்னுடையது 2010 டிசையர் டீசல். 1,80,000 கி.மீ. ஓடிவிட்டது. போடிமெட்டு ஏற்றத்தில் முன்பு மூன்றாவது கியரில் போன இடத்தில் இப்போது இரண்டாவதில் மிதித்தாலும் முனகுகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. பின்னால் பைக்கில் வந்த என் மச்சான் கறுப்புப் புகை வருகிறது என்கிறான். ஒரு பட்டறையில் "டர்போ போயிருச்சு, 35,000 ரூபாய் ஆகும்" என்று சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
— தேனி வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி, போயிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கழற்றிப் பார்த்ததாகவோ, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் மாட்டியதாகவோ உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. புகையைப் பார்த்ததும் டர்போ என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பட்டறை வத்தலக்குண்டில், கொடைக்கானல் மலை ஏறுகிற வண்டிகளை நம்பிப் பிழைக்கிற பட்டறை. இதே கதையோடு காமக்காபட்டி தாண்டிப் போய்விட்டுப் பாதியில் திரும்பி வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு டர்போ நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் சக்தி தரவில்லையா, தருகிற சக்தி ரோட்டுக்குப் போய்ச் சேரவில்லையா, அல்லது ஏதோ ஒன்று வண்டியைப் பிடித்து இழுக்கிறதா? ஓட்டுகிறவருக்கு இந்த மூன்றும் "பிக்கப் இல்லை" என்றுதான் தெரியும். செலவு மட்டும் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது.

பிடித்து இழுப்பதை நீங்களே பார்க்கலாம். காலையில் வண்டி இல்லாத சமதள ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிரேக்கை முடிந்தவரை தொடாமல், நியூட்ரலில் தானாக உருண்டு நிற்க விடுங்கள். இறங்கி நான்கு சக்கரத்தின் ரிம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். கொண்டுபோங்கள் என்றுதான் சொல்கிறேன், தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. முன்னால் என்றால், பிரேக்கை அழுத்துகிற காலிப்பரைத் தாங்கும் ஊசி (pin) துருப்பிடித்து நகராமல் இருக்கும். பின்னால் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிள் திரும்பி வராமல் சிக்கியிருக்கும். மைலேஜ் குறைவதற்கும் இது ஒரு காரணம். பின் டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

அடுத்து கிளட்ச். நான்காவது கியரில் 50-ல் போகும்போது ஒரேயடியாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி மேலே போய், ஸ்பீடோ முள் நிதானமாகப் பின்னால் வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். 1,80,000 கிலோமீட்டருக்கு முதல் கிளட்சே ஓடுகிறது என்றால், அதுவும் மலைப்பாதையில் ஓடியது என்றால், உங்கள் காலைக் கும்பிட வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தில் கறுப்புப் புகை இருக்கிறது. கிளட்ச் புகை தராது. அதனால் என் மனசு எஞ்சின் பக்கம்தான் சாய்கிறது.

டீசல் வண்டியில் கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று அர்த்தம். காற்று எங்கே தடைபடுகிறது, அல்லது எங்கே தப்பிக்கிறது, இதுதான் இனி கேள்வி. ஏர் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தேனி பக்கம் செங்கல் சூளை, மண் ரோடு என்று போகிற வண்டியாக இருந்தால் ஃபில்டர் செங்கல் நிறத்திலேயே இருக்கும். தட்டிவிட்டு மறுபடி போடுவது ஒரு தடவைக்குச் சரி. மலிவு ஃபில்டர் மட்டும் வேண்டாம். அதன் ரப்பர் விளிம்பு சரியாக உட்காராமல் தூசி ஓரமாக உள்ளே போகும். அந்தத் தூசிதான் டர்போ இறக்கையை அரிக்கும்.

அப்புறம் ஹோஸ். எனக்கு ஒரே ஒரு பந்தயம் கட்ட அனுமதி கொடுத்தால் இதன் மேல்தான் கட்டுவேன். டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் காற்றைக் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ்கள் வயதானால் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மடிப்பில் வெடிக்கும். ஐடிலில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, வாய் மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். ஏற்றத்தில் மிதித்து அழுத்தம் ஏறியதும் பிளந்துகொள்ளும். அதனால்தான் பட்டறையில் நிறுத்திவைத்து ரேஸ் கொடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடையாளம் இரண்டு. ஏற்றத்தில் "உஸ்ஸ்" என்று ஒரு சீற்றம் கேட்கும், ஹோஸைச் சுற்றி எண்ணெய்ப் பிசுபிசுப்பு படிந்திருக்கும். கிளிப்பைத் தளர்த்திக் கழற்றி, கையில் வைத்து வளைத்துப் பார்த்தால்தான் கீறல் வாய் திறக்கும். ஹோஸின் விலை டர்போ விலையில் ஒரு மூலைக்குக் கூட வராது.

ஹோஸ் நன்றாக இருந்தால் ஏர்ஃப்ளோ சென்சார். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அதில் அழுக்குப் படிந்தால் தவறான கணக்குக் கொடுக்கும். அதற்கென்றே விற்கிற ஸ்பிரேயைத்தான் அடிக்க வேண்டும். துணியால் துடைத்தால் உள்ளே இருக்கிற மெல்லிய இழை போய்விடும், அப்புறம் புதுசுதான். பக்கத்திலேயே ஈஜிஆர் வால்வு இருக்கிறது. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள் விடுகிற வால்வு. கரி பிடித்து அது திறந்தபடியே நின்றுவிட்டால், எஞ்சின் நல்ல காற்றுக்குப் பதில் தன் புகையையே மூச்சாக இழுக்கும். இதைத் தகடு போட்டு அடைத்துவிடலாம் என்று சில பேர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்ததை அடைப்பது தப்பு, போதாததற்குக் கம்ப்யூட்டரும் கோபித்துக்கொண்டு எஞ்சின் விளக்கை எரியவிடும். கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தாலே போதும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்கேனர். சரியாகச் சொன்னால் ஸ்கேனரை முதலிலேயே மாட்டியிருக்க வேண்டும். ஆனால் பல பட்டறைகளில் எடுத்தவுடன் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த கோளாறுக் குறியீடு (கோடு) அதோடு அழிந்துபோகலாம். சாட்சியை அனுப்பிவிட்டு விசாரணை நடத்துகிற கதை. ஸ்கேனரில் கோடு மட்டும் படித்துவிட்டு நிறுத்தாமல், ஓடும்போது வருகிற எண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தம் (இன்டேக்) ஐடிலில் 1 பாரை ஒட்டி இருக்கும்; பார் என்பது அழுத்தத்தின் அலகு. மூன்றாவது கியரில் ஏற்றத்தில் முழுசாக மிதித்தால் 2 பாரை ஒட்டிப் போக வேண்டும். 1.2-லேயே நின்றுவிட்டால் காற்று எங்கோ ஒழுகுகிறது, அல்லது டர்போவின் அழுத்தம் மிஞ்சாமல் பார்த்துக்கொள்கிற கதவு (வேஸ்ட்கேட்) திறந்தே கிடக்கிறது, அல்லது உங்கள் பட்டறைக்காரர் சொன்னது சரி. டீசல் ரெயில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிர்கிற குழாயின் அழுத்தமும் அதே திரையில் தெரியும். கம்ப்யூட்டர் கேட்கிற அழுத்தமும் உண்மையில் இருக்கிற அழுத்தமும் விலகிப் போனால் டீசல் ஃபில்டரில் தொடங்குங்கள். ஆனால் அந்தக் கோளாறில் புகை வராமலேயே வண்டி மட்டும் மந்தமாகும். ஒரு எச்சரிக்கை: பழைய டீசல் வண்டியில் செய்கிற மாதிரி, ஓடுகிற எஞ்சினில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திப் பார்க்க யாரையும் விடாதீர்கள். இதில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், சதையைத் துளைத்துவிடும்.

கடைசியில் டர்போ. அதன் காற்றுக் குழாயைக் கழற்றி, நடுத் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும், அது இயல்பு. உள்ளே வெளியே நகர்ந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ முடிந்தது. குழாய்க்குள் லேசாக எண்ணெய் ஈரம் இருப்பதைக் காட்டி "பாருங்க, ஆயில் தள்ளுது" என்பார்கள். லேசான ஈரம் எல்லா டர்போவிலும் உண்டு. வழிந்து தேங்கினால்தான் கவலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் ஓடிய அதே எஞ்சின். இழுவிசை 190 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 2,000 ஆர்பிஎம்மில். 2,000-க்குக் கீழே அது புதுசிலேயே சோம்பேறி. கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரில் 1,400-க்கு விழவிட்டு மிதித்தால் எந்த மெக்கானிக்காலும் உதவ முடியாது. இரண்டாவதில் 2,200-க்கு மேல் வைத்துக்கொண்டு பாருங்கள். அப்போதும் முனகினால் மேலே சொன்ன வரிசையில் போங்கள்.

கேள்வி: நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றிப்போகிற டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர். இரண்டு மூட்டை வைத்தால் 25-க்கு மேல் போகவில்லை. பிஸ்டன் மாற்றியாகிவிட்டது, கார்புரேட்டரும் சுத்தம் செய்தாகிவிட்டது. எஞ்சின் நன்றாக இருக்கட்டும் என்று ஆயில் தாராளமாகத்தான் ஊற்றுகிறேன்.
— சிலுக்குவார்பட்டி வாசகி

பதில்: அம்மா, கடைசி வரியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஊற்றுகிற ஆயிலும் சேர்ந்துதான் எரியும். லிட்டருக்கு 20 மில்லிக்கு மேல் ஊற்றுகிறது எல்லாம் சைலன்ஸரில் போய்க் கரியாக உட்காரும். புகை வெளியே போக வழி இல்லை என்றால் புது பெட்ரோல் உள்ளே வரவும் வழி இல்லை. பிஸ்டன் மாற்றியது வீண் செலவு என்று சொல்லி உங்களை நோகடிக்க விரும்பவில்லை.

சோதனை சுலபம். சிலிண்டரோடு சைலன்ஸர் சேரும் இடத்தில் நட்டைத் தளர்த்தி கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரு தெரு மட்டும் ஓட்டிப் பாருங்கள். காது கிழியும், அக்கம்பக்கம் திட்டும், ஆனால் வண்டி பாய்ந்தால் கோளாறு சைலன்ஸரில்தான். பிறகு சைலன்ஸரை முழுசாகக் கழற்றிக் கரியை எடுக்கச் சொல்லுங்கள். சிலிண்டரில் புகை வெளியேறும் துளையையும் சுரண்ட வேண்டும். பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு, மழுங்கிய தகடால், பிஸ்டனில் கீறல் படாமல் சுரண்டுவது முக்கியம். புதுப் பிஸ்டனாச்சே!

பின் சக்கரத்தை ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றியும் பாருங்கள். பூ மூட்டையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பிரேக் டிரம்முக்குள் இறங்கித் துருப்பிடிக்க வைத்திருந்தால் சக்கரம் இறுக்கமாகச் சுற்றும். இனி ஆயிலை அளக்க அளவு மூடி இல்லாவிட்டால் 20 மில்லி பாக்கெட்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்ரோல் வேகன் ஆர். சமவெளியில் அருமையாக ஓடுகிறது. கொடைக்கானல் போனால் மட்டும் மந்தம். சர்வீஸ் சென்டரில் "எல்லாம் நார்மல்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
— திருச்சி வாசகர்

பதில்: இல்லை. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், காற்று மெலிதாகிவிடுவதால். மேலே போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். அதில் ஏசி, ஐந்து பேர், மேலே லக்கேஜ். ஏற்றத்தில் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள், பெருமாள்மலைக் காற்று ஏசியைவிட நன்றாகவே இருக்கும். வத்தலக்குண்டுக்கு இறங்கி வந்த பிறகும் மந்தமாகவே இருந்தால் எழுதுங்கள்.

கேள்வி: அப்பாவின் நினைவாக 1998 மாருதி 800 வைத்திருக்கிறோம். நான் வெளிநாட்டில் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி ஷெட்டில்தான் நிற்கும். ஊருக்கு வந்து எடுத்தால் ஐடிலில் நன்றாக இருக்கிறது. சிக்னலில் சட்டென்று மிதித்தால் ஒரு நொடி செத்துவிட்டு அப்புறம்தான் பாய்கிறது. ஸ்பார்க் பிளக் புதுசு. இப்போதைய எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள், உண்மையா?
— காரைக்குடி வாசகர்

பதில்: பாதி உண்மை. மற்ற பாதி ஷெட்.

உங்கள் 800 கார்புரேட்டர் வண்டி. சட்டென்று மிதிக்கும்போது காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும். அந்த ஒரு நொடியை ஈடுகட்டத்தான் கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் என்று ஒரு சின்ன ரப்பர் உதரவிதானம் வைத்திருக்கிறார்கள். மிதித்ததும் ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே அடிக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் விறைத்துப்போகும், அல்லது வற்றிய பெட்ரோலின் பிசின் அந்தச் சின்னத் துளையை அடைக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டு லிவரை இழுத்துப் பாருங்கள். பெட்ரோல் நேர்க்கோடாகப் பீச்ச வேண்டும். சொட்டினாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ கோளாறு பிடிபட்டது. பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் கிட் போட்டால் சரியாகிவிடும். பெட்ரோலை அளந்துவிடுகிற சின்னத் துளைக்கு ஜெட் என்று பெயர், அதைக் கம்பி விட்டுக் குத்த விடாதீர்கள். அது பித்தளை, துளை பெரிசானால் காலத்துக்கும் பெட்ரோல் குடிக்கும். காற்று அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பம்ப் நன்றாகப் பீச்சினால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்கிற டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போங்கள். அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற மெல்லிய வாக்குவம் குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துக்கொள்ளுங்கள். நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற டயஃப்ரம் கிழிந்துவிட்டது. அப்படியானால் பாதி மிதிப்பில் ஓடும்போதும் பொறி விழும் நேரம் (டைமிங்) முன்னேறாமல் வண்டி மந்தமாகும், மைலேஜும் அடிபடும். இப்போதைய இளம் மெக்கானிக்குகளில் பலர் இந்தச் சோதனையைப் பார்த்ததே இல்லை, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கையோடு ஆக்ஸிலரேட்டர் கேபிளையும் பாருங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து முழுசாக மிதிக்கும்போது கார்புரேட்டரின் தகடு முழுசாகத் திறக்கிறதா? கேபிள் தளர்ந்தும், மிதியடி விரிப்பு பெடலுக்குக் கீழே மடங்கியும் முக்கால் திறப்போடு ஓடுகிற வண்டிகள் நிறைய.

இனி எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை எரிபொருள் திறன் குறையும் என்று சொன்னது. புது வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். உங்கள் வண்டியில் அந்த மூளை இல்லை. கலவை மெலிந்துபோகும், அதனால் அந்த ஒரு நொடித் தயக்கம் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். ஆனால் எத்தனால் மட்டும் தனியாக வண்டியை ஒரு நொடி சாகடிக்காது.

எனக்குப் பெரிய கவலை ஷெட்டில் நிற்கும் மாதங்கள்தான். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அதிகமானால் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும், தகரம் துருப்பிடிக்கும். கிளம்பும் முன் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது நல்லது. பெட்ரோல் ஹோஸ்கள் அப்பா காலத்தவையாக இருந்தால், எத்தனால் தாங்கும் புது ஹோஸ்களை முதல் வேலையாக மாற்றுங்கள். இது பிக்கப்புக்காக இல்லை. ஹோஸ் வெடித்துச் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் ஒழுகாமல் இருக்க.

கேள்வி: 2005 சாண்ட்ரோ ஜிங். டைமிங் பெல்ட் மாற்றியதிலிருந்து பிக்கப் இல்லை. மாற்றியவர் "புது பெல்ட், செட் ஆகட்டும்" என்கிறார்.
— பழனி வாசகர்

பதில்: பெல்ட் செட் ஆகாது. ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார். மாற்றுவதற்கு முன்பு நன்றாக ஓடி, மாற்றிய அன்றே மந்தமானால் வேறு எதையும் தேட வேண்டாம், கவரைத் திறந்து கிராங்க் குறியும் கேம் குறியும் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் வண்டியை அதிகம் ஓட்டாதீர்கள். குறிகள் சரியாக இருந்தால் மட்டும் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தத்தைப் பாருங்கள். நான்கு சிலிண்டரில் ஒன்று மட்டும் குறைந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. நான்குமே சேர்ந்தாற்போல் குறைந்தால் மறுபடி பெல்ட்டுக்கே வாருங்கள். கூலி இரண்டாவது தடவை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கேள்வி: பெட்ரோல் டாங்கில் ஊற்றுகிற இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் பிக்கப்பைக் கொண்டுவருமா?
— விருதுநகர் வாசகர்

பதில்: இன்ஜெக்டரில் லேசான அழுக்கு இருந்தால் கொஞ்சம் உதவும். கிளட்ச், பிரேக், ஏர் ஃபில்டர், அடைத்த சைலன்ஸர் எதற்கும் உதவாது. முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், பாட்டில் காசு அநேகமாக அதற்கே தேவைப்படும்.